கந்தகச் சுனையும் காலை இன்சுலினும்: டர்பன் ஆயா ஒருவரின் நிகழ்வு ஆய்வு

முழங்கால் தேய்மானம், சொரியாசிஸ் என்ற செதில் உதிரும் தோல் நோய், சர்க்கரை நோய் மூன்றும் சேர்ந்த ஒருவர் கந்தக வெந்நீர்ச் சுனையில் குளித்தால் என்ன ஆகும்? எதில் குணம் தெரியும், எதில் தெரியாது, ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வரும்? என்னிடம் பிசியோதெரபிக்கு வந்த ஒருவரை ஆறேழு மாதம் தொடர்ந்து கவனித்ததில் இந்தக் கேள்விகளுக்கு ஓரளவு பதில் கிடைத்தது. அவருடைய பெயரையும் வீட்டு அடையாளங்களையும் விட்டுவிட்டேன். எழுதிப் போடச் சொன்னவர் அவர்தான்.

நோயாளி

வயது 66. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த் பகுதியில் கணவர், மகன், மருமகளோடு இருக்கிறார். டர்பன் ஆடைத் தொழிற்சாலைகளில் முப்பது வருஷத்துக்கு மேல் தையல் மிஷினை மிதித்தவர். தெருவில் எல்லாருக்கும் அவர் ஆயாதான், அதாவது பாட்டி, எனக்கும் அப்படியே. வடார்க்காட்டுச் சாயல் இன்னும் மறையாத நேட்டால் தமிழ் பேசுகிறார். முதல் நாள் நாற்காலியின் கைப்பிடியை இரண்டு கையாலும் அழுத்தி எழுந்து நின்றுகொண்டு சொன்னார்: "எழுந்துக்கறதுதான் கண்ணு கஷ்டம். பத்தடி நடந்தா கொஞ்சம் உடும். மறுபடி உக்காந்தா மறுபடி புடிச்சிக்கும்." மூட்டுத் தேய்மானத்துக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் பாடப்புத்தகத்திலும் கிடையாது.

எக்ஸ்ரேயில் வலது முழங்கால் மூன்றாம் நிலைத் தேய்மானம், இடது இரண்டாம் நிலை. நடக்கும்போது வலி 10க்கு 7 என்று மதிப்பிட்டார். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார 17 நொடி ஆனது. இரண்டு முழங்கைகளிலும், முழங்காலுக்குக் கீழே கால்களின் முன்பக்கத்திலும் சொரியாசிஸ் படைகள். வெள்ளிச் செதில் தடித்து, குளிர்காலத்தில் வெடித்து ரத்தம் கசியும். களிம்பு தடவினால் அடங்கும், நிறுத்தினால் திரும்பும்.

சர்க்கரை நோய் வந்து 18 வருஷம். காலையும் இரவும் கலவை இன்சுலின் (குறுகிய நேரம் வேலை செய்வதும் நீண்ட நேரம் வேலை செய்வதும் கலந்தது) போட்டுக்கொள்கிறார். மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.4 சதவீதம். ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உண்டு. 10 கிராம் அழுத்தம் கொடுக்கும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்த்தபோது வலது பாதத்தில் பத்து இடங்களில் நான்கில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. முழங்காலைவிட இந்த நான்கு இடங்கள்தான் எனக்குக் கவலையாக இருந்தன. உணர்ச்சி மரத்த பாதத்துக்குச் சூடு தெரியாது. கொதிக்கிற தண்ணீரில் வைத்தாலும் "இதமா இருக்குது" என்றுதான் சொல்லும்.

கந்தகச் சுனை யோசனை சொந்தக்காரர்களிடமிருந்து வந்தது. போகலாமா என்று மகன் கேட்டார். நான் உடனே தலையாட்டவில்லை. ஆயாவின் டாக்டரிடம் அனுப்பி, இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் சோதித்து, காலில் திறந்த புண் இல்லை என்பதையும் உறுதி செய்துகொண்ட பிறகே சரி என்றேன்.

தண்ணீர்

குவாசுலு-நாட்டால் (பழைய நேட்டால்) மாகாணத்தில் கிரேடவுன் ஊரைத் தாண்டி, மலைகளுக்கு இடையே உள்ள பள்ளத்தாக்கில் லிலானி சுனைகள் இருக்கின்றன. டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வழியாகப் போகலாம். தண்ணீர் ஏறத்தாழ 40 டிகிரிச் சூட்டில் ஊறுகிறது, கூடவே அழுகிய முட்டை வாடை.

தென்னாப்பிரிக்காவில் எண்பதுக்கு மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள் இருந்தாலும் அதன் பெருநிலத்தில் உயிருள்ள எரிமலை ஒன்றுகூட இல்லை. "கீழே எரிமலை இருக்குதா?" என்று ஆயாவின் பேரன் கேட்டான். இல்லை. மலையில் பெய்யும் மழைநீர் பாறைப் பிளவுகளில் வெகு ஆழத்துக்கு இறங்குகிறது. ஆழம் கூடக் கூட பூமியின் சூடும் கூடும். அங்கே சூடேறிய தண்ணீர், நிலம் முறிந்த கோடுகளின் வழியே மேலே ஏறி வெளியே வருகிறது. போகிற வழியில் பாறையிலுள்ள உப்புகளைக் கரைத்துக்கொள்ளும். ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில், அந்த உப்புகளில் கந்தகம் உள்ள சல்பேட் சல்பைடாக மாறும். நம் மூக்குக்கு எட்டுவது அந்த ஹைட்ரஜன் சல்பைடு வாயுதான்.

லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குக் குறையாமல் இந்தச் சல்பைடு இருக்கும் தண்ணீரைத்தான் பொதுவாகக் கந்தக நீர் என்று கணக்கில் எடுப்பார்கள். அது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் போகிறது. தோலின் மேல்படலத்திலுள்ள கெரட்டின் என்ற புரதத்தை இளக்கிச் செதிலை உதிர்க்கிறது. பூஞ்சையையும் கிருமியையும் ஓரளவு அடக்குகிறது. நம் உடம்பே சிறு அளவில் ஹைட்ரஜன் சல்பைடைத் தயாரித்து நரம்புச் செய்திகளுக்குப் பயன்படுத்துகிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் அபேவும் கிமுராவும் 1996இல் காட்டினார்கள். ரத்தக் குழாயைத் தளர்த்தும் குணமும் அதற்கு உண்டு. பழைய வைத்தியர்கள் அனுபவத்தில் கண்டதற்கு அறிவியல் இப்போது காரணம் தேடிக்கொண்டிருக்கிறது. நம் சித்த மருத்துவத்தில் தோல் நோய்க்குக் கந்தக ரசாயனம் கொடுப்பதும், சொறி சிரங்குக்கு இன்றும் கந்தகக் களிம்பு எழுதிக்கொடுப்பதும் இதே வழியில் வந்தவை. ஆனால் சுத்தி செய்த மருந்தை உள்ளே கொடுப்பது வேறு, சுனைத் தண்ணீரைக் குடிப்பது வேறு. ஆயாவிடம் குடிக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினேன்.

இன்னொன்றும் இங்கே சொல்லவேண்டும். ஆயாவின் தலைமுறைக்கு இந்தக் குளியல் புதுசு. பொது வசதிகளை நிறம் பார்த்துப் பிரித்த 1953ஆம் ஆண்டுச் சட்டம் 1990இல்தான் போனது. டர்பன் கடற்கரையிலேயே இந்தியருக்கென்று தனிப் பகுதி ஒதுக்கியிருந்த காலம் அது. பேர்போன வெந்நீர் விடுதிகள் வெள்ளையருக்கென்று வளர்ந்தவை. "எங்கள யாரு உள்ள உட்டாங்க?" என்றார் ஆயா. சுனைக் குளியல் தலைமுறை தலைமுறையாக வழங்கும் ஊர்களில் எவ்வளவு நேரம், எத்தனை நாள், எப்போது வெளியே வரவேண்டும் என்பதெல்லாம் பாட்டி சொல்லிப் பேத்திக்குத் தெரியும். நம் குடும்பங்களுக்கு அந்தப் பழக்கம் வாய்க்கவிடாமல் செய்துவிட்டார்கள். அதனால் "எவ்வளவு ஊறுறமோ அவ்வளவு நல்லது" என்ற ஒரே எண்ணத்தோடு தண்ணீரில் இறங்குகிறோம். பின்னால் நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

குளியல்

எங்கள் ஊரில் குளிர்காலமான ஜூலையில், நல்ல குளிரில், ஒன்பது நாள் தங்கினார்கள். நான் எழுதிக்கொடுத்தது இதுதான்: ஒரு நாளைக்கு ஒரே தடவை, 15 நிமிடம், தண்ணீர் மார்புக்கு மேல் ஏறக்கூடாது, சூட்டை ஆயாவின் கால் பார்க்கக்கூடாது, மருமகளின் முழங்கை பார்க்கவேண்டும். தண்ணீருக்குள்ளேயே முழங்காலை மெதுவாக மடக்கி நீட்டவேண்டும். இடுப்பளவுத் தண்ணீரில் உடம்பின் பளுவில் ஏறக்குறைய பாதி குறைந்துவிடும். தரையில் வலிக்கிற அசைவு அங்கே வலிக்காது. வெளியே வந்ததும் நிற்காமல் உட்காரவேண்டும், ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கவேண்டும்.

நகைகளைக் கழற்றச் சொல்லியிருந்தேன். தாலி தங்கம், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மெட்டியை மட்டும் கழற்ற மாட்டேன் என்றார். "தாத்தா இருக்கறப்ப நான் எப்படிக் கழட்டுவேன்?" முதல் நாள் மாலையிலேயே மெட்டி பழுப்பேறி, மறுநாள் மசி பூசினாற்போல் கறுத்துவிட்டது. ஆயா பயந்துபோய் கணவரை உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னாராம். வெள்ளியும் சல்பைடும் சேர்ந்தால் வெள்ளி சல்பைடு, கறுப்பாகத்தான் இருக்கும் என்று போனில் விளக்கினேன். திருநீறு தொட்டுத் துணியால் தேய்த்ததும் பளபளப்புத் திரும்பியது, ஆயாவுக்கும் மூச்சு வந்தது. மெட்டி போட்டிருந்த விரலிடுக்கை நன்றாகத் துடைத்து உலர்த்தச் சொன்னேன். சர்க்கரை நோயாளிக்கு ஈரமான விரலிடுக்கில் தொடங்கும் புண் லேசில் ஆறாது.

நான்காம் நாள் காலை விபரீதம் நடக்கப் பார்த்தது.

வழக்கம்போல் ஏழு மணிக்குத் தொடையில் இன்சுலின் போட்டுக்கொண்டார். வயிறு நிறையச் சாப்பிட்டுக் குளிக்கக்கூடாது என்று ஒரே ஒரு ரொட்டியோடு எழுந்துவிட்டார். ஏழேமுக்காலுக்குத் தண்ணீரில் இறங்கினார். பேச்சு சுவாரசியத்தில் நேரம் போனது தெரியவில்லை, அரை மணிக்கு மேல் ஆகிவிட்டது. முதலில் கை நடுங்கியது, பிறகு "கண்ணு மசமசங்குது" என்றார். வேர்த்தது, ஆனால் வெந்நீரில் இருப்பவருக்கு வேர்ப்பதை யார் கவனிப்பார்கள்? பக்கத்திலிருந்த உறவுக்காரர் ஒருவர், "உள்ள இருக்கற கெட்டது வெளிய போவுது, இன்னும் கொஞ்ச நேரம் இரு" என்றார். மருமகளுக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு பேராகப் பிடித்து வெளியே கொண்டுவந்து, பையிலிருந்த மீட்டரில் குத்திப் பார்த்தால் 3.1 மில்லிமோல். இந்தியக் கணக்கில் 56. நான்கு மில்லிமோலுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. உடனே ஒரு கப் பழரசம் கொடுத்திருக்கிறார். கால் மணி கழித்து 4.6. அதன் பிறகு ஜாம் தடவிய ரொட்டி. அப்புறம்தான் எனக்குப் போன் வந்தது. இன்னும் பத்து நிமிடம் தண்ணீரில் விட்டிருந்தால் ஆயா மயங்கி முகம் கவிழ்ந்திருப்பார். மீட்டரை அறையில் வைக்காமல் பையில் போட்டுக் குளக்கரைக்கே கொண்டுபோன அந்த மருமகளின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

நடந்தது என்ன? ஊசி போட்ட இடம் சூடானால் அங்கே ரத்த ஓட்டம் கூடும், இன்சுலின் வழக்கத்தைவிட வேகமாக உடம்பில் ஏறும். கலவை இன்சுலினில் உள்ள குறுகிய நேர இன்சுலினில் இது தெளிவாகத் தெரியும். தொடையில் ஊசி, ஒரு மணிக்குள் அந்தத் தொடை 40 டிகிரித் தண்ணீரில், வயிற்றில் ஒரே ஒரு ரொட்டி. மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன. வெந்நீரில் ரத்தக் குழாய்கள் விரிவதாலும் ரத்த அழுத்த மாத்திரையாலும் தலைசுற்றல் இன்னும் கூடியிருக்கும். கந்தகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. வீட்டுக் குளியலறையில் வெந்நீர்த் தொட்டியில் ஊறினாலும் இதே கதிதான்.

ஆயாவின் டாக்டரோடு பேசி மீதி நாட்களுக்கு முறையை மாற்றினோம். குளியல் மாலை நான்கு மணிக்கு, சிற்றுண்டி சாப்பிட்டபின். இறங்கும் முன் விரலில் குத்திப் பார்த்து 5.6க்குக் கீழே இருந்தால் அன்று முதலில் சாப்பாடு, பிறகே தண்ணீர். ஊசி தொடையில் வேண்டாம். தாத்தா கையில் கடிகாரத்தோடு கரையில் உட்காருவார், அவர் சொல்வதுதான் சட்டம். அதன் பிறகு சர்க்கரை இறங்கவே இல்லை.

என்ன கிடைத்தது

திரும்பி வந்தபோது வலி 7லிருந்து 4க்கு இறங்கியிருந்தது. எழுந்து நடந்து உட்காரும் சோதனை 17 நொடியிலிருந்து 14 ஆனது. இரவில் முழங்காலுக்குக் கீழே தலையணை வைக்காமல் தூங்க முடிந்தது என்பதைத்தான் ஆயா பெரிதாகச் சொன்னார். தோலில் மாற்றம் கண்ணுக்கே தெரிந்தது. முழங்கைச் செதில் ஏறக்குறைய முழுக்க உதிர்ந்து, அடியில் இளஞ்சிவப்புத் தோல் மிருதுவாக இருந்தது. படையின் சிவப்பும் எல்லையும் அப்படியே இருந்தன. செதில் போனது, நோய் போகவில்லை. களிம்பை நிறுத்த வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன், அவரும் நிறுத்தவில்லை. செதில் இல்லாத தோலில் களிம்பு நன்றாக இறங்கும், ஆகவே இந்தக் குணத்தில் களிம்புக்கும் பங்கு உண்டு.

மகன் தன் பக்கியில் (சிறு சரக்கு வண்டி) நான்கு பெரிய கேன் சுனைத் தண்ணீரை ஏற்றி வந்திருந்தார். வீட்டில் மூடியைத் திறந்தால் வாடை பாதிகூட இல்லை, தண்ணீர் மங்கலாகப் பால் கலந்தாற்போல் இருந்தது. காற்றுப் பட்டதும் சல்பைடு கந்தகத் துகளாக மாறி மிதப்பதால் வரும் மங்கல் அது. அடுப்பில் சூடாக்கியபோது மிச்ச வாயுவும் பறந்துவிட்டது. கடைசியில் ஆயாவின் கால்மேல் ஊற்றியது உப்புக் கலந்த வெந்நீர்தான். செலவில்லாத வேலை, கெடுதலும் இல்லை, ஆனால் சுனையை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. இதைவிட மோசம், மூடிய குளியலறையில் தாமே கந்தக வாயுவை வரவழைத்துப் பார்க்கும் ஆசை. அதை யாரும் செய்யவேண்டாம். ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவிலேயே மூக்கைத் துளைக்கும், ஆனால் சீக்கிரமே மூக்கு மரத்துவிடும். காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவில் உயிருக்கே ஆபத்து, அந்த அளவில் மூக்குக்கு வாடையே தெரியாமல் போகும். திறந்தவெளிக் குளத்துக்கும் ஜன்னலில்லாத அறைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

அடுத்த கட்டம் எனக்கு முக்கியமாகப்பட்டது. வாரம் இரண்டு நாள், சூடாக்கிய சாதாரண நீச்சல்குளத்தில் அதே உடற்பயிற்சியை ஆயாவுக்குத் தொடர்ந்து கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து முழங்கால் வலி 4க்கும் 5க்கும் நடுவில் நின்றது, நடை சோதனை அதே 14 நொடி. தோல் மட்டும் ஐந்து வாரத்தில் பழையபடி தடிக்கத் தொடங்கியது. ஜனவரியில், ஆறு மாதம் கழித்து, மறுபடி ஒரு வாரம் லிலானிக்குப் போய் வந்தார்கள். தோல் திரும்பவும் இளகியது. முழங்காலில் புதிதாக ஒன்றும் கூடவில்லை.

ஆயாவின் முழங்கால் தேறியதற்கு முக்கியக் காரணம் சூடும், மிதப்பும், தொடர்ந்த பயிற்சியும்தான் என்பது என் முடிவு. தோல் இளகியதற்குக் கந்தகம் முக்கியக் காரணம். ஒரே ஆளை வைத்துச் சொல்வது என்பதால் இதற்கு மேல் நான் இழுக்கமாட்டேன். ஆனால் பெரிய ஆய்வுகளும் இதற்கு எதிராகப் போகவில்லை. பிரான்சில் 451 முழங்கால் நோயாளிகளை வைத்துச் செய்து 2010இல் வெளியான ஆய்வில் எல்லாருக்கும் வீட்டுப் பயிற்சி கொடுத்து, பாதிப் பேரை மட்டும் மூன்று வாரச் சுனைச் சிகிச்சைக்கும் அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்து, சுனைக்குப் போனவர்களில் 100க்கு 51 பேருக்கும் போகாதவர்களில் 36 பேருக்கும் சொல்லிக்கொள்ளும்படியான முன்னேற்றம் இருந்தது. ஏழு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2007ஆம் ஆண்டின் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) மதிப்பாய்வு, பலன் தெரிகிறது, ஆனால் ஆய்வுகளின் தரம் போதாது என்றது. பலன் உண்டு, அளவானது, நாளாக நாளாகக் குறைவது. இதைச் சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. வலி மாத்திரையைக் குறைக்க முடிந்த ஆயாவுக்கு இல்லை. அந்த மாத்திரை குறைந்தது அவருடைய சிறுநீரகத்துக்கும் நல்லது.

இப்போது

ஆயா லிலானி போய் வந்த கதை தெருவில் பரவியதும் எனக்குப் போன்கள் வரத் தொடங்கின. எடுத்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, இன்சுலின் போடுகிறீர்களா, எங்கே, எத்தனை மணிக்கு என்பது. இரண்டாவது, பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்பது. நேட்டால் இந்தியக் குடும்பங்களில் சர்க்கரை நோய் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும் என்பதால் இந்த இரண்டையும் கேட்காமல் யாரையும் அனுப்புவதில்லை.

போன வாரம் அடுத்த தெருத் தாத்தா ஒருவர் வந்தார். இதயம் பலவீனமாகி, கால் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்குகிறவர். ஆயா அடுத்த குளிரில் போகும்போது தன்னையும் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டார். முடியாது தாத்தா என்றேன். கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்தால் காலில் தேங்கிய ரத்தமெல்லாம் மேலே ஏறி இதயத்தின்மேல் பளுவாக விழும், சூடு வேறு துடிப்பைக் கூட்டும், அந்த இதயம் தாங்காது. அவருக்கு வருத்தம்தான். செவ்வாய்க்கிழமையிலிருந்து எங்கள் நாற்காலிப் பயிற்சிக்கு வருகிறார். ஆயா அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலை நீட்டி எட்டு எண்ணிப் பிடிப்பது எப்படி என்று காட்டிக்கொடுக்கிறார்.